மரிய அருள் கேட்ட பத்து ராத்திரி

சவேரியார்பேட்டையில் மரிய அருளைப் பிடிக்கும் என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய அம்மா. இறந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னொருவர் அவருடைய மனைவி அன்னாள். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.

மரிய அருளுக்கு நாற்பத்தேழு வயது. பிள்ளையார்குப்பம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, கைமாற்று கேட்டு யார் வாசலிலும் நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்; சாமியாரின் பிரசங்கத்தில் உள்ள தவறுகளை மனதுக்குள் திருத்திவிட்டு எழுந்து போவார். இப்படிப்பட்ட ஆளை ஓர் ஊர் முழுக்க வெறுக்க வேண்டுமானால் அதற்கு அவர் தனியாக உழைத்திருக்க வேண்டும். உழைத்தார். அந்த ஊரில் வெளியே எரிகிற ஒவ்வொரு பல்போடும் அவருக்குச் சண்டை.

வில்லியனூருக்குத் தெற்கே, பாகூர் போகிற வழியில் உள்ளே ஒதுங்கிய ஊர் அது. நாலு தெரு, ஒரு மாதா கோயில், ஒரு முனை. முனையில் அக்பர் அலி பாயின் மளிகைக் கடை. எந்த வீட்டுச் சுவரில் எத்தனை வாட் பல்பு, அது எந்தத் திசையைப் பார்க்கிறது, எத்தனை மணிக்கு அணைகிறது என்பதெல்லாம் மரிய அருளுக்கு மனப்பாடம். மீட்டர் பார்க்க வருகிறவருக்குக்கூட அவ்வளவு தெரியாது.

காரணம் மாடியில் இருக்கிறது. முழங்கை நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "இவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். அதில் கண்ணை வைக்கிற இடத்தில் கேமரா இருக்கிறது. அடியில் ஒரு மோட்டார், பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து அதை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் கேமராவின் கண் திறந்திருக்கும். இப்படி எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது கொல்லைப்புற லைட்டைப் போட்டுவிட்டால் படம் குப்பை.

மூன்று பனிக்காலமாக அவர் பிடிக்கப் பார்த்தது மிதுன ராசிக்குள் இருக்கிற ஒரு நெபுலாவை. எப்போதோ வெடித்துச் செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். அங்கிருந்து வெளிச்சம் இங்கே வர ஐயாயிரம் வருடம் ஆகிறதாம். வீராம்பட்டினத்து வலையில் சிக்கினால் மீனவர்கள் திட்டிக்கொண்டே உதறிவிடுவார்களே, சொறிமீன், அச்சு அசல் அதே உருவம். தலைப்பக்கம் சிவப்பாகக் குடைபோல விரிந்து, கீழே இழை இழையாகத் தொங்கும். சிவப்பு பாகம் அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைச் சுற்றி நீலப்பச்சையில் மெல்லிய ஓடு ஒன்று உண்டு, நல்ல இருட்டில் நாற்பது மணி நேரம் சேர்த்தால்தான் அது தெரியும். அந்த ஓடுதான் அவருக்கு வேண்டும். அதற்கு ஊர் அணைய வேண்டும்.

ஊர் எப்படி அணையும்? வானம் தெளிந்து, பனி இறங்கி, மிதுனம் உச்சிக்கு வருகிற மாதங்களில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்கு வீடு காகித ஸ்டார் தொங்கும், உள்ளே பல்போடு. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அதை இறக்கக்கூடாது என்பது வழக்கம். திருநாள் முடிந்த மறுநாள் காலையில், பல் விளக்காத முகங்களின் முன்னால், "இன்னும் இறக்கலியா?" என்று வாசல் வாசலாகப் போய் நிற்பார் மரிய அருள். அக்பர் அலி பாயின் கடைப் பலகை ராத்திரி முழுவதும் நீலமும் பச்சையுமாக மின்னும். அதைப் பற்றி நாலு வருடமாகப் பேச்சு நடக்கிறது; பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு மரிய அருள் போகவில்லை, மரிய அருளின் அம்மா சாவுக்கு வந்த பாய் டீ குடிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பக்கத்து வீட்டு பாத்திமா மேரி. புருஷனை இழந்து மூன்று மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற அம்மாள். மாட்டுக் கொட்டகையில் ஒரு பல்பு. அதற்குத் தகரத்தில் மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே திருப்பச் சொல்லி ஒருநாள் மரிய அருள் தானே தகரம் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மா தகரத்தை வாங்கிக் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டுவிட்டு, மறுநாள் அதைவிடப் பெரிய பல்பாக வாங்கி மாட்டினார். அதிலிருந்து ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு உண்டு, ஆனால் அது எல்லாம் சுவருக்கு மேலே நடக்கிற பேச்சு.

இத்தனை சண்டையும் போதாதென்று மனுவும் எழுதினார். முனையில் இருக்கிற தெருவிளக்கு வானத்தைப் பார்த்து எரிகிறது, அதற்கு மூடி போடுங்கள். வெள்ளை விளக்கு கண்ணைக் கூசுகிறது, மஞ்சளாக மாற்றுங்கள். பதினொரு மணிக்கு மேல் யாருக்காக எரிகிறது, அணையுங்கள். ஆறு வருடத்தில் பதினான்கு மனு. அழகான கையெழுத்து, பத்தி பிரித்து, கீழே அடிக்கோடு போட்டு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

பதில் இந்த ஜனவரியில் வந்தது, சுண்ணாம்புப் பொடி வடிவத்தில். ஒரு காலை அவர் டியூட்டிக்குப் புறப்பட்டபோது முனையில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. ஹைமாஸ்ட் வரப்போகிறது என்றார் பாய், வாயெல்லாம் பல்லாக. உயரமான கம்பம், உச்சியில் சுற்றிவர ஆறு பெரிய விளக்கு. மரிய அருள் வீட்டு மாடிக்கும் அந்த வட்டத்துக்கும் இடையில் முப்பது தப்படிகூட இருக்காது. அது எரிந்தால் மாடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். வேறு எதுவும் செய்ய முடியாது.

ஊர் கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. முனையில் மூடியில்லாத ஒரு சின்ன மதகு இருக்கிறது, போன மழையில் இரண்டு பேர் சைக்கிளோடு உள்ளே போனார்கள். கம்பெனி வேன் ராத்திரி ஒன்பதரைக்குப் பெண்களை அங்கேதான் இறக்கிவிடும். இருக்கிற ஒற்றைத் தெருவிளக்கு பாதி நாள் எரிவதில்லை. இதையெல்லாம் மரிய அருளிடம் சொன்னால், வானத்தில் மதகு இல்லை என்பார்.

பதினைந்தாவது மனுவை எடுத்துக்கொண்டு அவர் வில்லியனூர் அலுவலகத்துக்கே போனார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் அங்கே ஏதாவது ஒரு காகிதம் நிலுவையில் இருக்கும். செல்லப்பன் என்கிற எழுத்தர், பெயரைக் கேட்டதும் எழுந்து நாற்காலி போட்டார். மரிய அருளுக்கு அரசாங்கம் நாற்காலி போடுவது அதுவே முதல் தடவை.

"நீங்கதானா சார் அது? ஒங்க கையெழுத்த நாங்க எல்லாரும் பாத்துருக்கோம். ஒங்களாலதான் சார் ஒங்க ஊருக்கு ஹைமாஸ்ட்டு."

விஷயம் இதுதான். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரே ஒரு கம்பம் ஒதுக்கியிருந்தார்கள். எந்த ஊருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கப் புகார்ப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அதில் தெருவிளக்குக்கு ஒரே ஒரு பத்திதான்: எந்த முனை, எத்தனை புகார். சவேரியார்பேட்டை முனை, பதினான்கு. அடுத்தபடி ஏரிக்கரை முனை, ஒன்பது. பதினான்கும் ஒரே ஆளின் கையெழுத்து என்பதைப் பார்க்கவோ, அந்த ஆள் விளக்கை அணைக்கச் சொல்கிறாரா போடச் சொல்கிறாரா என்று படிக்கவோ பதிவேட்டில் பத்தி இல்லை. ஆறு வருடமாக இருட்டுக்காக எழுதி எழுதி, வட்டாரத்திலேயே பெரிய வெளிச்சத்தைத் தன் தலைக்கு மேலே வரவழைத்திருந்தார் மரிய அருள்.

மனுக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தால் கழித்துவிடுவோம், கம்பம் ஏரிக்கரைக்குப் போய்விடும் என்றார் செல்லப்பன். முப்பதாம் தேதி மூன்று மணி வரை நேரம் இருக்கிறது. அதற்குப் பிறகு உத்தரவு போய்விடும், ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல மனிதராக இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பார், அல்லது எழுதாமல் வந்திருப்பார். மரிய அருள் இரண்டும் செய்யவில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஊருக்கு வந்து, சாயங்காலம் ஆள் கூடுகிற நேரமாகப் பார்த்து பாய் கடைக்குப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அன்னாள்கூடக் கல்யாணத்தன்று பார்த்ததில்லை என்று பிற்பாடு பேச்சு. கடைசியில் விலையையும் சொன்னார்.

தை அமாவாசையை நடுவில் வைத்துப் பத்து ராத்திரி. எட்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை, ஊரில் வெளியே ஒரு பல்பு எரியக்கூடாது. தெருவிளக்கு, கடைப் பலகை, கொட்டகை, மாதா சிலை நிற்கிற கோயில் கெபி, எல்லாம். வீட்டுக்குள்ளே போட்டுக்கொள்ளலாம், ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். வேனில் வந்து இறங்குகிறவர்கள் போன் லைட்டைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். பத்து ராத்திரி ஒழுங்காக முடிந்தால் அவர் எழுதிக் கொடுக்க மாட்டார், கம்பம் வரும். ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வில்லியனூர்.

கடையில் சத்தம் கிளம்பியது. அடிக்கலாம் என்று ஒரு கட்சி.

"அடிச்சா?" என்றார் பாய். "கட்டு போட்ட கையாலயே எழுதிக் குடுத்துட்டு வருவான். அவன எனக்குத் தெரியும்."

பாத்திமா மேரி பால் பாத்திரத்தோடு நின்றிருந்தார். "ஏம்பா அருளு, பொங்கலும் அதுக்குள்ள வருதே. மாட்டுப் பொங்கலன்னிக்குக்கூட கொட்டாயில வெளக்கு ஏத்தக் கூடாதா?"

"கூடாதுக்கா."

"நீ செத்தா ஒன் பொட்டி மேல நானே வந்து மெழுகுவத்தி கொளுத்துவேன். ராவு பூரா எரியும், பாத்துக்க."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. பாய் எல்லார் முகத்தையும் பார்த்தார். பத்து ராத்திரி போனால் போகிறது, கம்பம் காலத்துக்கும் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதை அவரிடம் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒன்றை மட்டும் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை: அந்த ஒரு படத்துக்காக மரிய அருள் தன் வானம் முழுவதையும் கொடுக்கச் சம்மதித்திருந்தார். கம்பம் வந்தபிறகு அவர் மாடியில் துணி காயப்போடலாம்.

சவேரியார்பேட்டை அதற்கு முன்னாலும் ஒற்றுமையாக இருந்ததில்லை, அதற்குப் பின்னாலும் இருக்கவில்லை. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் ஒற்றுமை கிடையாது, தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவது என்பதில் கிடையாது. ஒரே ஆளை வெறுப்பதில் அந்தப் பத்து ராத்திரி மட்டும் நாலு தெருவும் ஒன்றாக நின்றன. எட்டரை அடித்ததும் பாய் தானே கம்பத்துப் பெட்டியைத் திறந்து தெருவிளக்கை அணைப்பார். கெபியில் மாதா இருட்டில் நின்றாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், இந்த ஊரில் கரண்ட்டே இல்லை என்று தாய்வீட்டுக்கு போன் செய்து அழுதாளாம். எந்த வீட்டில் யாராவது மறந்துபோய் வெளி ஸ்விட்சில் கை வைத்தாலும் எதிர் வீட்டிலிருந்து கெட்ட வார்த்தையில் எச்சரிக்கை வரும். பொங்கலுக்கு வாங்கிய சீரியல் செட்டுகள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

இருட்டில் அண்ணாந்து பார்த்து ஊர் மனம் நெகிழ்ந்தது என்று எழுதினால் உங்களுக்கும் பிடிக்கும், எனக்கும் சுலபம். அப்படி எதுவும் நடக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டு, போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு, மாடியில் உட்கார்ந்திருக்கிற ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் பேச்சு தூரம் போகும். மாடி வரை நன்றாகவே கேட்டது. மரிய அருள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, லேப்டாப் திரைக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டி, மூன்றாவது வீட்டு ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் கசிகிறது என்று கீழே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அமாவாசை ராத்திரி பாத்திமா மேரியின் மாடு கத்தியது. பதினொரு மணியிலிருந்து விட்டு விட்டுக் கத்தியது, கட்டையில் முட்டியது. சுவரை ஒட்டின கொட்டகை. முட்டுகிற அதிர்வு மாடி வரை வந்து கேமராவை ஆட்டியது. நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் தலைப்பிரட்டை போல வால் முளைத்து விழுந்தன. மரிய அருள் கைப்பிடிச் சுவரில் குனிந்து, "மாட்ட அடக்குக்கா, படம் போவுது" என்று கத்தினார். கீழே இருட்டில் யாரோ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆறு வருடத்தில் அந்தம்மா பதில் பேசாத ஒரே ராத்திரி அது. பயந்துவிட்டாள் என்று மரிய அருள் நினைத்துக்கொண்டார்.

பத்து ராத்திரியும் ஊர் வார்த்தை தவறவில்லை. தவறியது மேலே. நாலு ராத்திரி மூடுபனி இறங்கி, பதினொரு மணிக்கே வானம் பால் ஊற்றினாற்போல் ஆகிவிட்டது. மற்ற ராத்திரிகளிலும் ஆடியது, வெளிச்சம் கசிந்தது எல்லாம் கழித்துத் தேறிய படங்களைக் கூட்டினால் இருபத்தாறு மணி நேரம். அடுக்கிப் பார்த்தார். நீலப்பச்சை ஓடு ஓர் ஓரத்தில் மட்டும், நகம் கீறினாற்போல் வந்திருந்தது. மற்றதெல்லாம் சாம்பல்.

இன்னும் நாலு ராத்திரி கேட்கப் பாய் கடைக்குப் போனார். அதற்குள் தெருவெல்லாம் பழைய பாக்கியையும் சேர்த்து எரிந்துகொண்டிருந்தது. கடைப் பலகைக்குப் புதிதாக ஒரு சிவப்பு வேறு சேர்ந்திருந்தது. பாய் சர்க்கரை நிறுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பத்து கேட்ட, பத்து குடுத்தோம். பனிக்கு நாங்க ஜாமீனா?"

"நாலே நாலு, பாய்."

"ஒன்னுகூட கிடையாது. வேணும்னா மேல போயி பனியாண்ட மனு குடு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்த மரிய அருள் அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினார். பதினான்கு மனுக்களையும் தேதி வாரியாகக் குறிப்பிட்டு, அவை அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக, பத்தி பிரித்து, கீழே அடிக்கோடு போட்டு. தப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. பேச்சு பத்து நல்ல ராத்திரிக்கு, கிடைத்தது ஆறு. ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று வக்கீல் மாதிரி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கம்பம் ஏரிக்கரைக்குப் போனால் அடுத்த பனிக்காலம் இருக்கிறது, அதற்கடுத்ததும் இருக்கிறது. மதகில் விழுகிறவர்கள் பார்த்து நடக்கட்டும்.

முப்பதாம் தேதி காலை டியூட்டி. கடிதம் சட்டைப்பையில். இரண்டு மணிக்கு வேலை முடியும், மூன்றுக்குள் வில்லியனூர் போய்விடலாம்.

பதினொரு மணிக்கு எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் சீட்டோடு உள்ளே வந்தது பாத்திமா மேரி. மரிய அருளைப் பார்த்ததும் அந்தம்மா திரும்பிப் போகப் பார்த்தார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. விட்டால் மறுபடி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். உள்ளே வந்து உட்கார்ந்தார். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன.

மரிய அருள் வேலையில் கெட்டி. கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார், அசைக்கக்கூடாது என்றார், தடுப்புக்குப் பின்னால் போனார், எடுத்தார். திரையில் வந்ததைப் பார்த்தார். இரண்டு விரலிலும் எலும்பு முறிந்திருந்தது. நேற்று உடைந்த எலும்பு இப்படி இருக்காது. ஓரங்களில் பஞ்சு போலப் புது எலும்பு லேசாகப் பூக்க ஆரம்பித்திருந்தது. அதுவும் கோணலாக. மங்கலான நிழலில் என்ன இருக்கிறது என்று படிப்பதுதான் இருபது வருடமாக அவருடைய பிழைப்பு.

"இது பத்து நாளைக்கு மேல ஆவுது."

"ஆவும்."

"எப்பிடி?"

"மாடு கன்னு போட்டுச்சு. காலு மடங்கி நின்னுகிச்சு உள்ள. கைய விட்டுத் திருப்புனேன். மாடு சாஞ்சிது, கட்டைக்கு நடுவுல கை மாட்டிகிச்சு. தெரியல, இருட்டு."

மரிய அருள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ராத்திரி என்று கேட்க வேண்டியதில்லை.

"லைட்ட போட்டிருக்கலாம்ல."

"போட்டிருந்தா நீ காலங்காத்தால பஸ் ஏறியிருப்ப. என்னாலதான் கம்பம் போச்சுன்னு ஊரு என்னத் துப்பும். நீ மேலருந்து சிரிப்ப. அந்த சந்தோசத்த ஒனக்கு நான் குடுக்கணுமா?"

"அன்னாளக் கூப்புட்டிருந்தா என்னாண்ட சொல்லியிருப்பாளே."

"வந்தாளே ஒம் பொண்டாட்டி. போன் லைட்ட புடவைத் தலப்புல சுத்திப் புடிச்சிகினு அவதான் நின்னா. ஒன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நீ அப்போ மேலருந்து கொலச்சிகினு இருந்த." எழுந்து, நல்ல கையால் சீட்டை எடுத்துக்கொண்டார். "ஒனக்காக ஒன்னும் இல்ல. நாயாண்ட சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். படம் எப்ப குடுப்ப?"

அரை மணி நேரம் ஆகும் என்றார் மரிய அருள். பத்து நிமிடத்தில் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று மட்டும் இரண்டு எக்ஸ்ரேக்களை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, இரண்டும் அவர் தவறு.

இரண்டேகால் மணிக்கு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். வில்லியனூர் பஸ் வந்தது. கூட்டம் இல்லை, ஜன்னலோர இருக்கை காலியாகத் தெரிந்தது. கண்டக்டர், வர்றீங்களா சார் என்று கேட்டான். மரிய அருள் தலையை ஆட்டாமல் நின்றார். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் வந்து போனது. மூன்று மணி தாண்டியபின் எதிர்ப்பக்கம் போய் ஊர் பஸ்ஸில் ஏறினார்.

மாசி மாதக் கடைசியில் கம்பம் நின்றது. அதை ஏற்றி வைத்த அன்று முனையில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். மரிய அருளை யாரும் அழைக்கவில்லை. ஆறு விளக்கும் எரிந்தபோது அவர் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க்கின் நிழல் கரிக்கோடு போல விழுந்தது. தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஓர் ஓரம் மட்டும் வந்த அந்தப் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை யாருக்கும் காட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவன் எழுதிக் கொடுக்கக் கிளம்பியிருப்பான், பஸ்ஸை விட்டிருப்பான் என்பது ஊரின் முடிவு. பாய் கடையில் அதை நடித்தே காட்டினார்கள்: மரிய அருள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் பின்னால் ஓடுவது போல. பாத்திமா மேரியும் கட்டுப் போட்ட கையோடு நின்று பார்த்து எல்லாரையும் போலச் சிரித்தார். திருத்த வேண்டிய தப்பு ஒன்று மரிய அருளின் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, வாழ்நாளில் முதல் தடவையாக அதைத் திருத்தாமல் விட்டார்.

உண்மை தெரிந்தது அன்னாளுக்குத்தான். முப்பதாம் தேதி போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கடிதம் இருந்தது, மடிப்புக் கலையாமல், கையெழுத்தோடு. புருஷனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பல நாள் வைத்திருந்துவிட்டு, மனசு கேளாமல், கம்பம் எரிந்த பிறகு ஒருநாள் சுவருக்கு மேலே அதைப் பாத்திமா மேரியிடம் நீட்டினார். ஊர் நினைப்பது போல இல்லை, இரண்டு மணிக்கே வேலை முடிந்து, அடுத்தடுத்து பஸ் இருந்தும் வேண்டுமென்றே போகாமல் இருந்திருக்கிறார், இதைப் பார் என்றார்.

பாத்திமா மேரி கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பதினான்கு தேதியையும் படித்தார். கடைசி வரி வரை போய்விட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்துகினு போவல, சரி. ஆனா எழுதியிருக்கான் பாத்தியா, அன்னாளு? நாங்க பத்து ராத்திரி இருட்டுல குந்தினு இருந்தப்பறமும் எழுதியிருக்கான்."

தீவனக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். அன்னாள் கடிதத்தை மடித்தார்.